மாற்று ஆள்

எல்லோரும் சௌக்கியம்தானே? இது 1944 டிசம்பரில், பெல்ஜியக் காட்டில் நடந்தது. அமெரிக்கக் காலாட்படை டிவிஷன் ஒன்றை ஜெர்மன்காரர்கள் வளைத்திருந்தார்கள். பதுங்குகுழி ஒன்றில் அதன் சிப்பாய்கள் டெல்மரும் லெஸ்டரும் மாட்டிக்கொண்டார்கள். லெஸ்டரின் கால்கள் குளிரில் கறுத்துவிட்டன. முகாமுக்கு டெல்மர் போன் செய்து கெஞ்சினால் ஒரே பதில்தான்: “அங்கயே இருங்கப்பா, மாத்து ஆளு வந்துட்டிருக்கான்.”

“எப்படி வர்றானாம்? டெக்சாஸ்லேருந்து நீந்தியா?” என்றான் லெஸ்டர்.

நேரில் போய் ஆளைக் கூட்டிவர, லெஸ்டரைக் குழியிலேயே விட்டுவிட்டு டெல்மர் போன் கம்பியைப் பிடித்தபடி பனியில் ஊர்ந்தான். வளையாமல் நேராகவே போன கம்பி, இன்னொரு பதுங்குகுழியில் முடிந்தது. உள்ளே போனும் கையுமாக லெஸ்டர்.

“அப்பாடா, மாத்து ஆளு வந்தாச்சு!” என்று கறுத்த கால்களோடு எழுந்தான். போனை டெல்மர் கையில் திணித்துவிட்டு மேலேறிப் போய்விட்டான்.

போனில் டெல்மரின் குரலே கெஞ்சியது: “லெஸ்டர் காலு போச்சு சார். எப்ப சார் ஆளு வரும்?”

உங்களில் யாருக்காவது தன் குரலே போனில் கேட்டிருந்தால், என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்களேன்.