கூடுதலாக ஒரு கோரைப்பல்

இரண்டு வருடம் பட்ட பாட்டுக்குப் பிறகு அமிர்தவல்லியின் கோரைப்பல் கீழே இறங்கியது. அண்ணத்துக்குள் படுத்துக் கிடந்ததை டாக்டர் ஈறைக் கீறிக் கண்டுபிடித்து, சின்னச் சங்கிலி மாட்டி, மாதாமாதம் இழுத்துக் கொண்டுவந்தார்.

அந்த வாரமே ரேஷன் கடை இயந்திரம் அவளைத் தெரியாது என்றது. வாயைத் திறந்து பல்லைக் காட்டினால்தான் அரிசி என்ற காலம் அது.

"பதிவுல அந்த இடம் காலின்னு இருக்கும்மா," என்றார் விற்பனையாளர் தணிகாசலம். "உங்களுக்கு ஒரு பல்லு கூடுதலா இருக்கு."

"என் பல்லுதான் சார். உள்ள இருந்துச்சு, இப்ப வெளிய வந்திருக்கு."

எக்ஸ்ரேயை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது உங்க வாய்தான்னு மெஷின் சொல்லணுமே? அதுக்குத்தான் உங்களைத் தெரியலையே!"

மூன்று மாதம் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாள். பிறகு டாக்டரிடம் போனாள். இரண்டு வருடம் இழுத்த பல்லை அவர் ஐந்தே நிமிடத்தில் பிடுங்கினார்.

ரத்தப் பஞ்சைத் துப்பிவிட்டு இயந்திரத்தின் முன் வாயைத் திறந்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம் அமிர்தவல்லி," என்றது கனிவான குரல். "உங்கள் பற்கள் அனைத்தும் சரியாக உள்ளன."