ரஞ்சிதம் கற்ற இங்கிலீஷ்

மாமியாருக்குப் புரியக்கூடாதென்றே மகனும் மருமகளும் வீட்டுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பிரவீணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவள். லீவுக்குச் செஞ்சி வந்து, வாதாட ஆள் கிடைக்காமல் நாக்கு அரித்துக்கொண்டிருந்த நேரம்.

எதிர்வீட்டு ரஞ்சிதம், தொண்டூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் விக்ரமனோடு வந்து தங்கியிருப்பவள். ஒரே ஒரு அறை, ஓர் அடுப்படி. அவ்வளவுதான் வீடு.

"அதுங்க இன்னா பேசுதுன்னு புரியற அளவுக்குக் கத்துக்குடு கண்ணு, போதும்" என்று அவளேதான் வந்து கேட்டாள்.

"போதாது அத்தை. அவங்க வாய அடைக்கிற அளவுக்குச் சொல்லித் தரேன்."

நௌன், வெர்ப் என்று எட்டு வகைச் சொற்களில் தொடங்கினாள் பிரவீணா. மூன்றாவது வகையிலேயே ரஞ்சிதம் கொட்டாவி விட்டாள். கடைசியில், வீட்டில் காதில் விழுகிற வார்த்தையை அவள் பிடித்துவருவது, இவள் பிரித்து மேய்வது என்று முடிவானது.

முதலில் 'டென்ஷன்' வந்தது. லத்தீனில் இழுத்துக் கட்டுவது என்று விளக்கினாள். கன்னுக்குட்டியைக் கட்டுற மாதிரியா என்று கேட்டாள் ரஞ்சிதம்.

அடுத்து, மருமகள் சுவாதி பேசியது முழுசாகவே வந்தது. "யூ ஆல்வேஸ் போன். மீ ஆல்வேஸ் கிச்சன்." மருந்துக்கும் ஒரு வினைச்சொல் இல்லை. விக்ரமனுடைய பதில் அதைவிட மோசம். இந்த அழகு இங்கிலீஷுக்கா இத்தனை திமிர் என்று ரஞ்சிதத்திடமே பொருமினாள் பிரவீணா.

பிறகொரு நாள் 'நோ பிரைவசி' வந்தது.

"பாத்தீங்களா அத்தை, அந்த வார்த்தையோட வேரே ஒதுக்கி வைக்கிறதுதான். உங்கள ஊருக்குத் திருப்பி அனுப்பப் பாக்கறாங்க. விடாதீங்க."

ரஞ்சிதம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். இதோடு பாடம் போதும் என்று எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற வெயில். பிரவீணா கதவைத் திறந்தால், வீட்டுப் படியில் காலிப் பையோடு உட்கார்ந்திருக்கிறாள் ரஞ்சிதம். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து இரண்டு குரலும் சுத்தமான தமிழில் தெருவைத் தூக்கிக்கொண்டிருந்தன.

"வெளிய தள்ளிட்டாங்களா? இருங்க, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

ரஞ்சிதம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"யாரும் தள்ளல. நானாதான் கீரை வாங்கப் போறேன்னு வந்துட்டேன். அதுங்க இங்கிலீசு ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நீதான சொன்ன? அத வெச்சிக்கினு புருசன் பொண்டாட்டி எப்படிச் சண்ட போட்டுத் தீத்துக்கும்? தமிழ்லயே நல்லா அடிச்சிக்கட்டும். எப்ப எழுந்து வெளிய வரணும்னு தெரியாமத்தான் கண்ணு, உங்கிட்ட படிக்க வந்தேன்."