வார்டனம்மாவிடம் ஒரு வார்த்தை

அனுப்ரியா விடுதி நம்பரை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்ததும் அப்பா வெள்ளைத்துரை ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீ வெளிய நில்லுட்டி.”

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

ராத்திரி ரயிலைப் பிடித்து, காலையில் கோயமுத்தூர்க் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்து வாங்கிய விவசாயப் படிப்புக்கான இடம்.

படிப்பு இல்லை அப்பாவுக்குச் சிக்கல். விடுதிதான்.

ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் மனுஷன். பூட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பவர். பெற்ற மகளை முகம் தெரியாதவர்கள் கையில் விட்டுவிடுவாரா?

ஒரு வாரமாகக் கெஞ்சியாயிற்று. அம்மா பங்கஜம் சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். சமாதானம் பேச வந்த பெரியப்பா காபியைக் குடித்துவிட்டுப் போனதுதான் மிச்சம். அனுப்ரியா விடுதியின் படம் போட்ட புத்தகத்தைக் காட்டினாள்.

“கல்யாண போட்டோல எவனாவது அழுதுகிட்டு நிப்பானா?” என்று தள்ளிவிட்டார்.

இன்று சாயங்காலம் என்ன தோன்றியதோ, வார்டனம்மாவிடம் தானே பேசிப் பார்ப்பதாகச் சொல்லிச் சட்டையை மாட்டினார். ஆனால் அப்பா பேசப்போன இடமெல்லாம் பகையாகத்தான் முடிந்திருக்கிறது. ‘உங்கள் பெண்ணே எங்களுக்கு வேண்டாம்’ என்று அந்தம்மா சொல்லிவிட்டால்?

கண்ணாடிக்குள்ளே அவர் தொண்டையைச் செருமினார்.

பிறகு சிரித்தார்.

அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. வாடிக்கைக்காரர்களிடம்கூட அவர் சிரித்ததில்லை. தலைமுடியை விரலால் கோதிவிட்டுக்கொண்டார். சுவரில் சாய்ந்து, குழைந்து குழைந்து ஏதோ சொன்னார்.

அவளுக்கு உயிர் வந்தது. பணிவாகத்தான் பேசுகிறார்.

அடுத்த நொடி ரிசீவர் காதை விட்டு ஒரு சாண் தள்ளிப் போனது.

கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது அந்தப் பெண்குரல். வார்த்தை புரியவில்லை, வசவு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

போச்சு. எல்லாம் போச்சு.

பூத் வைத்திருக்கும் இனாயத் எட்டிப் பார்த்தான். “இன்னா அண்ணாச்சி, அந்தாண்ட யாரு? இந்தப் போடு போடுது?”

வெள்ளைத்துரை ரிசீவரை வைத்தார், காசைக் கொடுத்தார், தெருவில் இறங்கினார்.

“என்னப்பா சொன்னாங்க?”

“செருப்பு பிஞ்சிருமாம். போலீசுல புடிச்சுக் குடுத்துருவாளாம்.”

அனுப்ரியாவுக்குக் கண்ணீர் பொங்கியது. “அப்படி என்னதான்ப்பா கேட்டீங்க?”

“சுமதியக் கூப்புடுங்க, அவ சிநேகிதன் பேசுதேன்னேன்.”

“எந்தச் சுமதி?”

“எந்த ஹாஸ்டல்லட்டி சுமதி இல்லாம இருக்கா?”



அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “பொம்பளைன்னா அவ பொம்பளை. பத்து வாட்ச்மேன் போட்டாலும் இப்படிக் காவல் வராது. வா, வீட்டுக்குப் போய்ப் பையை எடு. நானும் வாரேன்.”

பஸ் ஸ்டாப் வரைக்கும் எதையோ யோசித்துக்கொண்டே நடந்தவர், சட்டென்று நின்றார்.

“அங்க வந்து நான் வாயத் தொறக்க மாட்டேன், கேட்டியா. குரலக் கண்டுபுடிச்சிருவா. எங்கப்பாவுக்குப் பேச்சு வராதுன்னு சொல்லிரு.”