மஹ்புபா அக்காவின் பாராட்டு

ஆப்ரிகாட் மரத்தடிக் கட்டிலில் மூன்று பேர். மெத்தைமேல் மெத்தை போட்டு மஹ்புபா அக்கா. தேநீர்க் கெண்டியின் பக்கத்தில் வீட்டுக்காரி சபோஹத். கட்டில் விளிம்பில், உட்கார்ந்தும் உட்காராமலும், அக்காவின் தம்பி ஷோதி, மடியில் மண்வெட்டி.

வசந்தப் புத்தாண்டான நவ்ருஸ் முடிந்ததும் இஸ்தராவ்ஷான் ஊரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூப் பார்ப்பார்கள். விருந்தாளி எதை வாய்விட்டுப் புகழ்ந்தாலும், “உங்களுக்கே” என்று கொடுத்துவிட வேண்டும். கொடுக்காத வீட்டைத் தெருவே பேசும்.

அதனால் மற்றவர்கள் உதட்டை மடித்துக்கொண்டு பூப் பார்ப்பார்கள். மஹ்புபா அக்கா மண்வெட்டியோடு வருவாள்.

சபோஹத்தின் சிவப்பு துலிப்புகள் ஏற்கெனவே கிழங்கோடு அக்காவின் சாக்கில் இருந்தன.

“அடியே சபோஹத், இந்த லைலாக் பூச்செடி என்ன அழகுடி! மூக்கைக் கழட்டி இங்கயே வெச்சிட்டுப் போயிடலாம் போல இருக்கு!” மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல்.

“உங்களுக்கே, அக்கா.” வேறென்ன சொல்வது?

ஷோதி தோண்டினான். வேருக்கு வலிக்குமோ என்று தோண்டினான். சபோஹத் தேநீர் ஊற்றுவதை மறந்து அவனையே பார்த்தாள்.

சபோஹத்தின் கணவன் இறந்து ஆறு வருடம். ஷோதிக்கு நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. இருவருக்கும் சம்மதம் என்று தெருவுக்கே தெரியும். இரண்டு முறை பேசிப் பார்க்க ஆள் அனுப்பியாயிற்று. அவன் போய்விட்டால் தன் தோட்டத்தை யார் கொத்துவது என்று அக்கா இரண்டு முறையும் கதவைச் சாத்திவிட்டாள்.

கெண்டியையும் புகழ்ந்து வாங்கிக்கொண்டு அக்கா அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். கெண்டிக்குள் தேநீர் இன்னும் சூடாகவே இருந்தது. ஷோதி மட்டும் லைலாக்கைத் தோண்டி முடிக்கப் பின்தங்கினான்.

சபோஹத் காகிதம் எடுத்தாள். தேதி போட்டாள். எழுதி முடித்து, மதிலருகே போய் நின்று, கணீரென்று படித்தாள்:

“அன்புள்ள மஹ்புபா அக்காவுக்கு. போன மாதம் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் தம்பி என்ன அழகு!”

மதிலுக்கு அப்பால் யாரோ இருமினார்கள். யாரோ கைதட்டினார்கள்.

உறையை நக்கி ஒட்டி, ஷோதியின் சட்டைப் பையில் செருகினாள். லைலாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, அவன் அக்காவைத் தேடி ஓடினான்.