சுவரில் இல்லாத பல்லி

கலியமூர்த்தி கையைத் தூக்கினார்.

அலமாரியின் மேல்தட்டில் இருந்த பீங்கான் குதிரையை எடுக்கத்தான். மகள் இளமதி கலர் அடித்த குதிரை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைக் காட்டவேண்டும் என்று காலையிலிருந்தே அவருக்கு ஆசை.

அவர் செராமிக் கம்பெனியில் சூளையிலிருந்து வெந்த சாமான்களை இறக்குகிறவர். "கண்ணுக்குத் தெரியாத கீறலுகூட நகத்தால தட்டுனா தெரிஞ்சிரும்ங்க. நல்ல சாமான் கணீர்னு பேசும்," என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்து போனார்.

அலமாரிக்குக் கீழே மனைவி காசியம்மாள் டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

கை அவள் தலைக்கு மேல் போனது.

எதற்குத் தூக்கிய கை என்று அவள் கண் பார்த்து முடிப்பதற்குள் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. தோள் ஏறியது. ஒரு கை தானாகப் போய்க் காதைப் பொத்தியது. தட்டு சாய்ந்து டீ தரையெல்லாம் ஓடியது.



அவர் குடியை விட்டு வருஷங்கள் ஆகின்றன. அதற்கப்புறம் அவள்மேல் ஒரு விரல் பட்டதில்லை. அதெல்லாம் முடிந்துபோனது என்றுதான், பாவம், அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

தூக்கிய கையை இறக்கவும் பயமாக இருந்தது. இறக்கினால் மறுபடி குனிந்துவிடுவாளோ. குதிரையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முகம் சுட்டது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தானாகத் தேடி வந்த சம்பந்தம். இனி நிற்குமா?

காசியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பல்லி உழுந்துச்சோன்னு பாத்தேன்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர். ஒன்றுமே இல்லை.

"ஆமாங்க, நானுந்தான் பாத்தேன். பெரிய பல்லி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா அமிர்தம்.

கலியமூர்த்திக்கு மூச்சு வந்தது. மகராசி, மானத்தைக் காப்பாற்றினாள். நன்றியோடு திரும்பினார்.

அமிர்தம் அறையின் அந்தக் கோடியில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தோள் ஏறியிருந்தது; இன்னும் இறங்கவில்லை. காதைப் பொத்தியிருந்த கை, முடியை ஒதுக்குவதுபோல, இப்போதுதான் மெல்ல மடிக்கு வந்துகொண்டிருந்தது.

கணவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஒரு பல்லிக்கு ரெண்டு பேரும் என்னா நடுங்கு நடுங்குறாங்க பாருங்க. எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்குது. நீங்க குதிரைய தட்டிக் காட்டுங்க சம்பந்தி."

மாப்பிள்ளையும் சிரித்தான். அப்பாவைப் போலவே தொடையைத் தட்டி.

கதவோரம் நின்றிருந்த இளமதி இப்போது சுவரைப் பார்க்கவில்லை. அமிர்தத்தின் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. காரணம் கேட்பார்கள்; தன் கையைப் பற்றியும் சொல்லவேண்டிவரும்.

குதிரை கலியமூர்த்தியின் கையில் இருந்தது. அவர் தட்டவில்லை.