பாறைக்கு வந்த ஆசை

"அடியே திருடி! இன்றைக்கும் என்னைச் சுரண்டிவிட்டாயா?"

பாறை இப்படிக் கத்தாத நாளே இல்லை. ஆறு மணலை அள்ளிக்கொண்டு ஓடிவிடும். யுகம் யுகமாய்ச் சுரண்டியதில், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் பள்ளத்தாக்கு ஒன்று பாறையின் நடுவே விழுந்துவிட்டது.

ஒருநாள் பாறையை வெட்டிக்கொண்டு போக இயந்திரங்கள் வந்தன. ஊரே திரண்டு, குறுக்கே படுத்து, அவற்றைத் திருப்பி அனுப்பியது. பிறகு விளிம்பில் ஒரு பலகையை நட்டார்கள்: 'இங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது.'

பாறைக்குத் தலைகால் புரியவில்லை. "ஏய் ஆறே, படி, படி! என் அழகுக்குச் சட்டமே போட்டுவிட்டார்கள்! என்னைப் பார்க்க வருகிற கூட்டம் எப்படி வாயைப் பிளக்கிறது, பார்த்தாயா? இனிமேல் ஒரு மணல் துகளைத் தொடு, பார்க்கலாம்!"

"உன்னையா பார்க்கிறார்கள்? பக்கத்திலேயே நிற்கிறதே பலகை, அதைக் கேள் அண்ணே!" என்று சிரித்தது ஆறு.

பாறை கேட்டது.

"வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்தைத்தான் பார்க்கிறார்கள்" என்றது பலகை. "அதாவது, நீ இல்லாத இடத்தை."

பாறை, பலகையின் காதில் விழாதபடி ஆற்றிடம் கிசுகிசுத்தது:

"தங்கச்சி, இந்த இடதுபக்கம் இன்னும் ஆழம் பத்தாது. ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன்!"