ரோஜாத் தோட்டத்தில் ஓர் இடம்

"இவ்வளவு ஆழம் எதுக்கு, டூகல்?" கண்ணைத் துடைத்தபடி கேட்டாள் சீமாட்டி.

"நரி தோண்டிடும்மா. நிம்மதியாத் தூங்கட்டும்" என்றான் தோட்டக்காரன்.

"பதினாலு வருஷம் எங்களோடவே இருந்தான். பேரு வெட்டி நல்ல கல்லா நடணும்."

ரோஜாத் தோட்டத்து மதிலோரம் ஏற்கெனவே வரிசையாகக் கற்கள் நின்றன. ஹெக்டர், டாஃப்னி, ரூபர்ட். ஸ்காட்லாந்தின் ஆர்ட்கெல்லி மாளிகையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் படமெடுப்பார்கள்.

போன மாதம் டூகலின் மனைவி ஜீன் இறந்தபோது, அவள் சாம்பலை இந்த மதிலோரம் புதைக்கலாமா என்று அவன் கேட்டான். அங்கிருந்த ரோஜாச் செடி ஒவ்வொன்றும் அவள் கையால் நட்டது.

"எனக்கும் வருத்தம்தான், டூகல். ஆனா அது குடும்பத்து ஆளுங்களுக்குன்னே விட்ட இடமாச்சே" என்று சொல்லிவிட்டாள் சீமாட்டி.

இப்போது அவள் ஒரு கழுத்துப் பட்டையை நீட்டினாள். "இதையும் உள்ள வெச்சிடு. இது இல்லாம வாக்கிங் வரவே மாட்டான்."

முன்பு செத்த மூன்று நாய்களின் கற்களுக்குப் பக்கத்தில் டூகல் இந்த நாயையும் இறக்கி மண்ணை மூடினான். சீமாட்டி மேலே ரோஜாக்களை வைத்தாள். "ஞாயித்துக்கிழமை தவறாம பூவோட வருவேன்டா, செல்லம்." விசும்பிக்கொண்டே போனாள்.

டூகல் தொப்பியைக் கழற்றினான்.

"தூ! ஒரு நாய்க்குப் போய் தொப்பியைக் கழட்டுறியே, வெக்கமா இல்ல?" என்று பின்னாலிருந்து சீறினாள் மாளிகைச் சமையற்காரி மோரக்.

"நாய்க்கு இல்ல, மோரக். விடியக்காலையிலயே வந்து ஜீனை அடியில வெச்சிட்டேன்."

மோரக் குனிந்து, சரிந்திருந்த ரோஜா ஒன்றை நிமிர்த்தி வைத்தாள்.

"பூ வந்துடும்" என்றான் டூகல். "கல்லுலதான் நாய் பேரு இருக்கும்."